ஊசி போட்டவரே கணக்கும் எழுதினால் சரிபார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடை மருந்தகத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தால் உங்கள் நாளிதழில் படம் வருகிறது. அமைச்சரோ கலெக்டரோ ரிப்பன் வெட்டுகிறார், பக்கத்தில் மாலை போட்ட ஒரு பசு மிரண்டுபோய் நிற்கிறது, அடுத்த வாரம் வேறு ஊரிலிருந்து அதே மாதிரி இன்னொரு படம். போடக்கூடாது என்று சொல்லவில்லை, ஊருக்கு ஒரு நல்லது நடந்தால் போடத்தான் வேண்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டடத்துக்கு டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், மருந்து அலமாரியில் என்ன இருக்கிறது, போன சுற்றில் கோமாரி நோய்க்கான தடுப்பூசி அந்த மருந்தகத்தின் எல்லையில் எத்தனை மாட்டுக்கு உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது என்று யாராவது ஒரு நிருபர் போய்ப் பார்த்து எழுதினால், எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படத்தைவிட ஆயிரம் மடங்கு பிரயோசனமாக இருக்கும்.

நான் திருப்பூர் மாவட்டத்தில் கறவை மாடு நாலும் கொஞ்சம் செம்மறியும் வைத்திருப்பவன். காலையும் மாலையும் பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை. கீழே எழுதியிருப்பது இந்த ஆட்சிக்கும் பொருந்தும், போன ஆட்சிக்கும் பொருந்தும், அதற்கு முந்தியதற்கும் பொருந்தும். அதனால் இதில் யாருக்கும் அரசியல் லாபம் இல்லை, ஒருவேளை அதனால்தான் யாரும் பேசுவதும் இல்லை.

முதலில் இந்தத் துறை எவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கிறது என்று பார்த்துவிடலாம். 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாடு மட்டும் சுமார் 95 லட்சம், எருமை 5 லட்சம், வெள்ளாடு 98 லட்சத்துக்கு மேல், செம்மறி 45 லட்சம். கோழி 12 கோடி, அந்தக் கணக்கில் இந்தியாவிலேயே நாம்தான் முதல். இவ்வளவு உயிருக்கும் நோய் வராமல் பார்த்துக்கொள்வது, வந்தால் கண்டுபிடிப்பது, பரவாமல் மறிப்பது, மூன்றையும் செய்ய வேண்டியது கால்நடை பராமரிப்புத் துறை ஒன்றுதான். தனியார் டாக்டரைக் கூப்பிட்டால் காசைக் கொடுத்து ஒரு மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், ஊருக்கே காணை வந்தால் தனியார் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

காணை என்று நாங்கள் சொல்வதைத்தான் கோமாரி என்கிறார்கள். கலப்பின மாட்டுக்கு அது வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகும், நாக்குத் தோல் உரிந்து நிற்கும், குளம்புக்கு நடுவில் புண் வைத்துப் புழு பிடிக்கும், சோளத்தட்டை அள்ளிப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பத்து லிட்டர் கறந்த மாடு ஒரே வாரத்தில் ஒரு சொம்புக்கு வந்துவிடும். புண் ஆறிய பிறகும் சில மாடுகள் வெயில் ஏறினால் நாய் மாதிரி இரைக்கும், சினை பிடிக்காது, கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 2013-ல் கர்நாடகத்திலும் நம் மாநிலத்திலும் இது கோரத்தாண்டவம் ஆடியபோது கடன் வாங்கி மாடு பிடித்திருந்த குடும்பங்கள் என்ன பாடு பட்டன என்பது உங்கள் பழைய இதழ்களைப் புரட்டினாலே தெரியும்.

சரி, இப்போது பணத்துக்கு வருகிறேன்.

பணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 13,343 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். கோமாரிக்கும், சினையைக் கலைத்துவிடும் கன்று வீச்சு நோய்க்கும் ஊசி, முழுச் செலவும் மத்திய அரசுடையது. 2025-க்குள் கட்டுப்படுத்துவது, 2030-க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. அப்புறம் லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்ற கணக்கில் நடமாடும் மருத்துவ ஊர்தி. தமிழ்நாட்டுக்கு 245 வண்டிகள் 2024-ல் வந்தன, 1962-க்குப் போன் செய்தால் வரும் வண்டி அதுதான். வண்டி வாங்கும் செலவு மத்திய அரசு, ஓட்டும் செலவில் மத்திய அரசு அறுபது, மாநிலம் நாற்பது சதவீதம். 2025 மார்ச்சில் கால்நடை மருந்துகளை மலிவு விலையில் கொடுக்க ஒரு பிரிவைச் சேர்த்து, இரண்டு ஆண்டுக்கு 3,880 கோடி என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுவதற்கும் சேர்த்து அந்த மருந்துப் பிரிவுக்கு ஒதுக்கியது 75 கோடி. மாநிலத்தைப் பார்த்தால் சேலம் தலைவாசலில் ஆயிரம் கோடிக்கு மேல் திட்டம் போட்டு ஆராய்ச்சிப் பூங்கா கட்டினார்கள், 2011-லிருந்து விலையில்லா ஆடு, மாடு கொடுத்தார்கள், புதிதாகக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள்.

இதில் எதுவும் வேண்டாத செலவு என்று நான் சொல்லவில்லை. கவனித்துப் பாருங்கள், எல்லாமே ஒரு தடவை அறிவித்து, ஒரு தடவை கொடியசைத்து, ஒரு தடவை படம் எடுத்துக்கொள்ளக்கூடிய செலவு. மருந்தகத்தின் ஃபிரிட்ஜ் பழுதானால் அன்றைக்கே சரி செய்ய ஆயிரம் ரூபாய், கரண்டு போனால் தடுப்பூசி கெடாமல் இருக்க ஒரு ஐஸ் பெட்டி, கால்நடை ஆய்வாளர் பத்துக் குக்கிராமத்துக்கு பைக்கில் போய் வரப் பெட்ரோல், காலியான பணியிடத்துக்கு ஆள், ரத்த மாதிரி எடுத்து அனுப்பினால் வாரத்துக்குள் முடிவு வர ஏற்பாடு, இதற்கெல்லாம் யாரும் ரிப்பன் வெட்ட முடியாது. அதனால் இதற்கு வருகிற பணம் போதுமா, போதாதா, வந்து சேர்கிறதா என்று வெளியில் இருக்கிற ஒருவருக்கும் தெரிவதில்லை. ஒரு மருந்தகத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய் மருந்து வருகிறது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள். டாக்டரைக் கேட்டால் சிரிப்பார்.

டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். 1976-ல் தேசிய வேளாண் ஆணையம் ஐயாயிரம் மாட்டு அலகுக்கு ஒரு கால்நடை மருத்துவர் வேண்டும் என்று சொன்னது. ஆட்டையெல்லாம் மாட்டுக் கணக்குக்கு மாற்றி வகுத்துப் பார்த்தால் தமிழ்நாடு காகிதத்தில் மோசமில்லை, வடக்கே பல மாநிலங்களைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த டாக்டர் என்னென்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். காலையில் மருந்தகம், பக்கத்து ஊர் மருந்தகம் கூடுதல் பொறுப்பு, இலவச ஆட்டுக்குப் பயனாளி தேர்வு, காப்பீட்டுக்குச் செத்த மாட்டை அறுத்துப் பார்த்துச் சான்று, முகாம், முகாமுக்குப் படம், படத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் விளக்கம், கோயில் யானைக்கு உடம்பு சரியில்லை என்றால் அங்கே ஒரு ஓட்டம், தை மாதம் வந்தால் வாடிவாசலில் காளைகளுக்குத் தகுதிச் சோதனை. இதற்கு நடுவில் இருபத்தொரு நாளில் ஒரு சுற்றுக் கோமாரி ஊசியை முடி என்று மேலிருந்து ஒரு இலக்கு வரும், தினமும் சாயங்காலம் எத்தனை சதவீதம் என்று கேட்டு ஒரு போன் வரும். அந்த மனிதர் என்ன செய்வார்? சதவீதத்தைக் கொடுப்பார்.

என் கடிதத்தின் முக்கியமான விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊசி போடுவது துறை. எத்தனை ஊசி போட்டோம் என்று கணக்கு எழுதுவதும் துறை. நோய் வந்ததா இல்லையா என்று சொல்வதும் அதே துறை. நோய் வந்தால் அது ஊசி சரியாகப் போடாததாலா, ஊசியே சரியில்லாததாலா, பக்கத்து மாநிலத்திலிருந்து வந்ததா என்று விசாரிப்பதும் அதே துறைதான். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிறவன் மார்க் குறைத்துப் போட்டுக்கொள்வானா?

ஒரு உதாரணம் சொல்கிறேன், எந்த ஊர், யார் என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் கடைசியில் ஒரு கடைநிலை ஊழியருக்கு மெமோ கொடுத்துவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். என் சொந்தக்காரர் ஒருவரின் மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை போட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரு தேதியில் கோமாரி ஊசி போட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அந்தத் தேதியில் மாடு வீட்டிலேயே இல்லை, அவருடைய மாமனார் ஊர்த் தொழுவத்தில் கன்று போட்டுக் கட்டியிருந்தது, யாரும் அங்கே வரவும் இல்லை. போய்க் கேட்டதற்கு, "அது சர்வர் பிரச்சினைங்க, அடுத்த சுற்றில் முதல் ஆளா உங்களுக்குப் போட்டுடறோம்" என்று பதில். அவரும் விட்டுவிட்டார். நாளைக்கு வேறு எதற்காவது அதே அலுவலகத்துக்குத்தானே போக வேண்டும்?

இன்னொன்று நானே பார்த்தது. சொசைட்டி வாசலில் வைத்து ஊசி போட்டார்கள், சித்திரை வெயில், மணி பதினொன்று தாண்டிவிட்டது. பெட்டிக்குள் ஐஸ் முழுக்கத் தண்ணீராகிக் கிடந்தது, அந்தத் தண்ணீரில் பாட்டில்கள் மிதந்துகொண்டிருந்தன. ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. இந்தத் தடுப்பூசி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டது, சூடானாலும் கெட்டது. போட வந்தவர் பாவம், காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறார், சாப்பிடவில்லை. "ஐஸ் வாங்க யாருங்க காசு கொடுக்கறாங்க, நானே கைக்காசு போட்டுத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார். அன்றைக்குப் போட்ட அத்தனை ஊசியும் கணக்கில் ஏறியிருக்கும், சதவீதத்தில் சேர்ந்திருக்கும். மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி ஏறியதா என்பதுதான் கேள்வி.

இதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை, திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊசிக்கு முன்னால் சில மாடுகளில் ரத்தம் எடுப்பார்கள், சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், இரண்டையும் பரிசோதித்தால் எத்தனை மாட்டுக்கு உண்மையான பாதுகாப்பு கிடைத்தது என்று தெரிந்துவிடும். மத்திய அரசின் கோமாரி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு போகிறது. மாவட்டவாரியாக அது எங்கள் கண்ணில் படுகிற மாதிரி எங்கேயாவது ஒட்டியிருக்கிறார்களா? நம் மாவட்டத்தில் நூறு மாட்டில் எத்தனை மாட்டுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் யாராவது ஒரு தடவை வாசித்திருக்கிறார்களா? எத்தனை லட்சம் டோஸ் போட்டோம் என்று மட்டும் வாசிப்பார்கள். மாடு வளர்க்கிறவனுக்கு டோஸ் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தடுப்பூசியே சரியில்லாமல் போகிற கதையும் உண்டு. 2021-ல் பல மாநிலங்களில் கோமாரிச் சுற்று மாதக்கணக்கில் தள்ளிப்போனதும், தரச் சோதனையில் தேறாத தடுப்பூசிகள் அதற்கு ஒரு காரணம் என்றும் அப்போது செய்தி வந்தது. ஊசியின் சக்தி சுமார் ஆறு மாதம்தான், அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு சுற்று. வாங்கி அனுப்புவது டெல்லி, போடுவது சென்னை. சுற்று தள்ளிப்போனால் டெல்லியைக் கேட்டால் மாநிலம் என்பார்கள், மாநிலத்தைக் கேட்டால் இன்னும் வரவில்லை என்பார்கள். நடுவில் மாடு சாகும்.

கண்காணிக்க ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். சட்டசபையில் மானியக் கோரிக்கை எண் 6 என்று இந்தத் துறைக்கு ஒன்று உண்டு, கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் போடுவார்கள், மற்ற துறைகளோடு சேர்த்து ஒரே நாளில் பேசி முடித்துவிடுவார்கள். எங்கள் ஊருக்கு மருந்தகம் வேண்டும் என்று எம்.எல்.ஏ.க்கள் கேட்பார்கள், பரிசீலிக்கப்படும் என்று அமைச்சர் சொல்வார். ஏற்கெனவே இருக்கிற மருந்தகம் ஓடுகிறதா என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. தணிக்கைத் துறை ஒன்று இருக்கிறது, ரசீது சரியாக இருக்கிறதா, பணம் விதிப்படி செலவானதா என்று பார்க்கும், நல்ல வேலைதான், ஆனால் அந்த அறிக்கை வருவதற்குள் இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடும். வெதுவெதுப்பான பாட்டிலைத் தணிக்கை அதிகாரி எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பார்?

2009-ல் கொண்டுவந்த விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மாட்டுக்காரன் கிராம அலுவலரிடமோ பஞ்சாயத்திலோ சொல்ல வேண்டும், அங்கிருந்து டாக்டருக்குப் போக வேண்டும், மாநில அரசு அந்தப் பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். அறிவித்தால் ஆடு மாடு நகரக்கூடாது, சந்தை கூடக்கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஈரோட்டில் வியாழக்கிழமை கூடும் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையை ஒரு வாரம் மூடினால் யார் யாரிடமிருந்து போன் வரும் என்று யோசித்துப் பாருங்கள், எந்த அதிகாரி தானாக முன்வந்து "என் பகுதியில் நோய் இருக்கிறது" என்று எழுதுவார்? "ஒரு சில மாடுகளுக்கு அறிகுறி, சிகிச்சை அளிக்கப்படுகிறது, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரி வருகிற வாரத்தில்தான் நோய் லாரி ஏறி நாலு மாவட்டம் தாண்டிவிடுகிறது.

மாட்டுக்காரனும் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? 2022-ல் போட்ட விதிப்படி வெள்ளத்தில் கறவை மாடு செத்தால் பேரிடர் நிதியிலிருந்து 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. தொற்றுநோய் அந்தப் பேரிடர்ப் பட்டியலிலேயே இல்லை. 2022-ல் தோல் கழலை நோய் வந்து ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகள் குவியல் குவியலாகச் செத்தன, ராஜஸ்தான் அரசு அடுத்த பட்ஜெட்டில் செத்த கறவை மாட்டுக்கு 40,000 ரூபாய் என்று அறிவித்தது. நம் பக்கம் அந்த அளவுக்குச் சாவு இல்லை, அதற்கு ஆட்டம்மை ஊசி போட்டதும் ஒரு காரணம், துறைக்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வட்டாரத்தில் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து மாதக்கணக்கில் பால் வற்றிப்போய், வெற்றிலையும் மிளகும் கல்லுப்பும் வெல்லமும் சேர்த்து அரைத்து நாக்கில் தடவித் தடவியே தேற்றிய மாடுகள் எத்தனை என்று யார் கணக்கு எடுத்தார்கள்? கன்றுக்குட்டி செத்ததை ராத்திரியோடு ராத்திரியாகக் குழி தோண்டிப் புதைத்தவர்கள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் இழப்பீடு உண்டு என்று இருந்தால் மறுநாள் காலையிலேயே சொல்லியிருப்பார்கள், நோய் எங்கே இருக்கிறது என்று அரசாங்கத்துக்கும் செலவில்லாமல் தெரிந்திருக்கும்.

ஒரு மாட்டு நோயை அடியோடு ஒழிப்பதெல்லாம் நடக்காத கதை என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் தாத்தா காலத்தில் வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. வந்தால் ஊர்த் தொழுவமே காலி. இந்தியாவில் அது கடைசியாக உறுதியானது 1995-ல், நம் வடாற்காடு மாவட்டத்தில்தான். 2006-ல் இந்தியாவில் இல்லை என்று உலகக் கால்நடை நல அமைப்பு ஏற்றுக்கொண்டது, 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள்? ஊசி போட்டார்கள், அது பாதி வேலை. அப்புறம் ஊசியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகப் போய் நோய் இருக்கிறதா என்று தேடினார்கள். ஊசி போட்ட கணக்கை யாரும் நம்பவில்லை, நோய் இல்லை என்று வெளியாள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். இதே துறைதான், இதே மாதிரி ஆட்கள்தான், 1932-லிருந்து நடக்கிற இராணிப்பேட்டை தடுப்பு மருந்து நிலையம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரே வித்தியாசம், அப்போது சரிபார்க்க வெளியில் ஒருவர் இருந்தார்.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நோயைத் தேடுகிற வேலையை ஊசி போடுகிற வேலையிலிருந்து பிரியுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு என்று வைத்திருக்கிறார்கள், அது ஊசி இலக்கை முடிக்கச் சொல்லும் அதே அதிகாரியின் கீழ் இல்லாமல், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமோ வேறு ஒரு தனி அமைப்போ கேள்வி கேட்கிற மாதிரி இருக்கட்டும். அந்த அமைப்பில் பொது சுகாதாரத் துறை ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும், வெறிநாய்க்கடியும் அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) கன்று வீச்சும் மாட்டோடு நிற்பதில்லை, மனுஷனுக்கும் வருகிறது. பால் ஊற்றுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேரும் இருக்கட்டும், கட்சிக்காரர்களை விவசாயப் பிரதிநிதி என்று உட்கார வைக்காமல் இருந்தால் சரி.

மருந்தகக் கணக்குக்குப் புதுச் சட்டமே வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாம் பிரிவு, யாரும் மனு போடாமலேயே அரசு அலுவலகங்கள் தாங்களாக வெளியிட வேண்டிய விவரங்கள் என்று ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறது. மருந்தகச் சுவரில் ஏற்கெனவே விழிப்புணர்வு வாசகமெல்லாம் பெயின்ட் அடித்து எழுதுகிறார்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை போதும். இந்த மருந்தகத்தில் பணியிடம் எத்தனை, ஆள் எத்தனை, இந்த மாதம் வந்த மருந்து என்ன, போன சுற்றில் வந்த டோஸ் எத்தனை, எந்த ஊரில் எந்தத் தேதியில் போட்டது, எவ்வளவு வீணானது. நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை என்று 2005-ல் வந்த சட்டத்திலேயே வைத்தார்கள், கிராம சபையில் வைத்து யார் யாருக்கு எத்தனை நாள் வேலை என்று வாசித்தார்கள், அதில் குறை ஆயிரம் உண்டு என்றாலும் செத்தவர் பேரில் சம்பளம் எழுதியது பல ஊரில் அந்த வாசிப்பில்தான் வெளியே வந்தது. அதே கிராம சபையில் கோமாரி ஊசிப் பட்டியலையும் வாசித்தால் என்ன? "எம் மாட்டுக்குப் போடவே இல்லையே" என்று ஒரு பாட்டி எழுந்து சொன்னால் போதும்.

கேரளத்தில் தொண்ணூறுகளிலேயே கால்நடை மருந்தகங்களைப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள், மருந்து வாங்கப் பஞ்சாயத்தின் திட்ட நிதியும் போகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் தெருவிளக்கு பல்பு மாற்றவே சண்டை, டாக்டரை யார் வீட்டு மாட்டுக்கு முதலில் அனுப்புவது என்று அடுத்த சண்டை ஆரம்பித்துவிடும். ஆனால் கணக்கைக் கேட்கும் உரிமையாவது பஞ்சாயத்துக்கு இருக்கட்டும்.

இதற்கு வரப் போகிற எதிர்ப்பும் எனக்குத் தெரியும். ஊழியர் பற்றாக்குறையில் இன்னும் ஒரு பதிவேடா என்பார்கள். நியாயம்தான். அதனால்தான் பணத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். சுற்றுக்குச் சுற்று ஐஸ், பெட்ரோல், தற்காலிக ஆள் ஆகியவற்றுக்கு ஒரு தொகையை அந்தந்த மருந்தகத்தின் கையிலேயே சுற்று ஆரம்பிப்பதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும், செலவு செய்துவிட்டு பில் அனுப்பு, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றால் கைக்காசு போடுகிறவர்கள் எத்தனை நாள் போடுவார்கள்? கண்காணிப்பை மட்டும் கூட்டிப் பணத்தைக் கூட்டாமல் விட்டால் இன்னும் அழகான பொய்க் கணக்குதான் வரும். பணத்தை மட்டும் கூட்டினால் இன்னும் நாலு கட்டடம் வரும்.

மழையிலும் வெயிலிலும் மாட்டுக்குப் பிரசவம் பார்க்க ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வந்த டாக்டர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெயரையும் இந்தக் கரும்பலகை காப்பாற்றும், ஆள் இல்லை, மருந்து இல்லை என்பது அவர் தப்பு இல்லை என்று ஊருக்குத் தெரியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கோமாரிச் சுற்று அறிவிப்பு வரும்போது "முகாம் தொடக்கம்" என்று செய்தி போடுவீர்கள். அது முடிந்து ஒரு மாதம் கழித்து மாவட்டத்துக்கு ஒரு மருந்தகத்துக்கு உங்கள் நிருபரை அனுப்பி, எத்தனை டோஸ் வந்தது, எத்தனை வீணானது, ஊசிக்குப் பிறகு எடுத்த ரத்தச் சோதனையின் முடிவு என்ன என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்றே போடுங்கள். எங்கள் ஊரில் வருகிற கிராம சபையில் ஊசிப் பட்டியலை வாசிக்கச் சொல்லி நானும் தீர்மானம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். எடுத்துக்கொண்டாலும் தள்ளிவிட்டாலும் அதன் நகலை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் ஒரு வாசகர்,
திருப்பூர் மாவட்டம்.